ஆப் இருக்கு, 'உதவி' பட்டனும் இருக்கு... ஆனா ஏன் புரியல? புதுமடம் கரையில் இருந்து ஒரு விளக்கம்

"பாம்பன் துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்." மழைக்காலம் வந்தால் டிவி ஸ்க்ரோலில் நீங்கள் அடிக்கடி பார்க்கும் வரி இது. கூண்டு ஏறியதும் கரையில் இருப்பவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். அதற்கு யாரும் மேனுவல் படிப்பதில்லை.

இப்போது அதே எச்சரிக்கை செல்போன் ஆப்பில் வருகிறது. காற்றின் வேகம், அலை உயரம், மீன் கிடைக்கும் இடம், சர்வதேச கடல் எல்லை என எல்லாமே ஒரே திரையில் இருக்கிறது. ஆனால் "எல்லாம் இருக்கு, எதுவும் புரியல" என்ற நிலைமையும் கூடவே இருக்கிறது. 'உதவி' பட்டனை அழுத்தினால் இன்னும் குழப்பம்தான்.

இது மீனவர்களுக்கு மட்டுமான பிரச்சனை இல்லை. உங்கள் அம்மாவுக்கு யுபிஐ, அப்பாவுக்கு பென்ஷன் இணையதளம், பக்கத்து வீட்டு அக்காவுக்கு சுயஉதவிக்குழு ஆப். எல்லா இடத்திலும் இதே கதைதான். வளர்ந்தவர்களுக்கு ஒரு மென்பொருளை எப்படிச் சொல்லித் தர வேண்டும்? நல்ல 'உதவி' எப்படி இருக்க வேண்டும்? பார்க்கலாம்.

புதுமடத்தை ஏன் எடுத்துக்கொள்கிறோம்?

புதுமடம், ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி பக்கம், மன்னார் வளைகுடாவை ஒட்டி இருக்கும் கடற்கரை ஊர். கிழக்கே போனால் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம்.

இந்தக் கடலில் தொழிலுக்குப் போகிறவர் கண்ணுக்குத் தெரியாத பல கோடுகளுக்கு நடுவில்தான் வலை விரிக்கிறார். பாக் நீரிணைப் பகுதியில் இந்தியா - இலங்கை கடல் எல்லை 1974-லும், மன்னார் வளைகுடாவில் 1976-லும் ஒப்பந்தம் மூலம் வரையறுக்கப்பட்டது. இன்னொரு பக்கம், 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் இருக்கின்றன. இந்தக் கோடுகள் எதுவும் தண்ணீரில் தெரியாது. ஜிபிஎஸ் திரையில்தான் தெரியும்.

அதனால் இங்கே திரையைத் தப்பாகப் படித்தால், ரீசார்ஜ் காசு போனதோடு முடியாது. படகு போகலாம், சிறைக்குப் போக வேண்டி வரலாம், உயிரும் போகலாம். 'உதவி' என்பது எவ்வளவு முக்கியமான விஷயம் என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

வளர்ந்தவர்கள் கற்பது எப்படி வேறு?

குழந்தைக்கு "இதைப் படி, பின்னாடி உதவும்" என்று சொல்லலாம். 45 வயதுக்காரரிடம் அது எடுபடாது.

அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ், வயது வந்தோர் கல்வி பற்றி 1970-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதைத்தான் விளக்கினார். அவர் சொன்னதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்:

• வளர்ந்தவர், தன் முடிவைத் தானே எடுப்பவர். மாணவனைப் போல நடத்தினால் விலகிவிடுவார்.
• அவரிடம் ஏற்கனவே அனுபவம் இருக்கிறது. புதுப் பாடம் அந்த அனுபவத்தில் ஒட்ட வேண்டும்.
• தன் வாழ்க்கையில் தேவை வரும்போதுதான் கற்கத் தயாராவார்.
• பாடத்தை அல்ல, தன் பிரச்சனைக்கான தீர்வைத் தேடுவார்.

1980-களில் ஐபிஎம் ஆய்வு மையத்தில் ஜான் கரோல் என்ற ஆய்வாளர், அலுவலக ஊழியர்கள் வேர்டு ப்ராசஸர் கற்பதைப் பக்கத்தில் இருந்து கவனித்தார். கம்பெனி தந்த பயிற்சிப் புத்தகத்தை அவர்கள் வரிசையாகப் படிக்கவே இல்லை. நேராக வேலையில் இறங்கினார்கள். தப்பாக ஒரு மெனுவுக்குள் போய் மாட்டிக்கொண்டு, திரும்பி வர வழி தெரியாமல் தவித்தார்கள்.

"படிக்காதது அவங்க தப்பு" என்று கரோல் முடிவு செய்யவில்லை. புத்தகத்தை மாற்றினார். முன்னுரை, பெருமை எல்லாம் வெட்டப்பட்டது. முதல் பக்கத்திலேயே உண்மையான வேலை தொடங்கியது. தப்பு நடந்தால் எப்படி வெளியே வருவது என்பது அந்தந்த இடத்திலேயே எழுதப்பட்டது. புத்தகம் சின்னதானது, கற்கும் நேரமும் குறைந்தது. இந்த அனுபவத்தை அவர் 1990-ல் தனிப் புத்தகமாகவே எழுதினார். இன்றைக்கும் மென்பொருள் 'உதவி' எழுதுகிறவர்களுக்கு இதுதான் அடிப்படை.

இந்தியாவில் யாராவது முயன்றார்களா?

முயன்றார்கள். 2000-ம் ஆண்டில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தின் எஃப்.சி. கோலி முன்னின்று, கணினி மூலம் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் திட்டத்தைத் தொடங்கினார். முதல் சோதனை அன்றைய ஆந்திராவின் மேடக் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் நடந்தது. பிறகு தமிழ் உட்பட பல மொழிகளுக்கு வந்தது.

இதில் முக்கியமான விஷயம், அது 'அ, ஆ, இ' என்று தொடங்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் மொழி தெரியும். ஆயிரக்கணக்கான வார்த்தைகளை நாள்தோறும் பேசுகிறார். அதனால் அவர் பேசும் வார்த்தையை எடுத்து, குரலோடும் படத்தோடும் காட்டி, அதன் எழுத்து வடிவத்தை அடையாளம் காண வைத்தார்கள். அன்றாடத் தேவைக்கான சில நூறு வார்த்தைகளைப் படிக்கும் அளவுக்கு வர, சுமார் 40 மணி நேரம் போதும் என்பதுதான் திட்டத்தின் கணக்கு.

அதாவது, தெரிந்ததில் இருந்து தெரியாததற்குப் போவது. நோல்ஸ் சொன்னதும் இதுதான், கரோல் செய்ததும் இதுதான்.

2017-ல் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம், 6 கோடி கிராமக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவருக்குப் பயிற்சி தரும் இலக்கோடு வந்தது. 14 முதல் 60 வயது வரை உள்ளவர்களுக்கு 20 மணி நேரப் பாடம், கடைசியில் தேர்வு. எண்ணிக்கையில் மிகப் பெரிய திட்டம். ஆனால் நாடு முழுக்க ஒரே பாடம் என்னும்போது ஒரு கேள்வி வரும். 16 வயது மாணவிக்கும், 55 வயது மீனவருக்கும், சம்பளப் பட்டியல் பார்க்கும் பெண்ணுக்கும் முதல் பாடம் ஒன்றாக இருக்க முடியுமா?

கடற்கரையில் என்ன நடந்தது?

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி கிராமங்களில் 'அறிவு மையங்கள்' அமைத்தது. வீராம்பட்டினம் மீனவ கிராமத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயரக் கணிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். கம்ப்யூட்டரை ஒருவர் இயக்கினார். பலன் ஊருக்கே கிடைத்தது.

2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்து போன் செய்து எச்சரித்தார். ஊரில் இருந்தவர்கள் அறிவு மையத்துக்கு ஓடி, அதே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மக்கள் வெளியேறித் தப்பினார்கள். அந்தக் குரலை ஊர் தினமும் கேட்டுப் பழகியிருந்தது. அதனால்தான் அன்றைக்கும் நம்பியது.

ராமநாதபுரம் பக்கமும் இது வந்தது. 2004 அக்டோபர் 18-ல், இஸ்ரோவும் சுவாமிநாதன் நிறுவனமும் சேர்ந்து செயற்கைக்கோள் வழி இணைத்த முதல் கிராம வள மையங்களில் ஒன்று தங்கச்சிமடத்தில் இருந்தது. மற்ற இரண்டும் திருவையாறு, செம்பட்டியில்.

அதன் பிறகு வந்ததுதான் 'ஃபிஷர் ஃபிரெண்ட்' ஆப். குவால்காம் ஆதரவோடு அதே சுவாமிநாதன் நிறுவனம் உருவாக்கியது. காற்று, அலை, மீன்வளம் உள்ள இடம், கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை என எல்லாம் மீனவர் கைக்கு வந்தன. தகவல் தருவது ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ், அதாவது இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம். 2016-ல் பாம்பனில் 'கடல் ஓசை' 90.4 எஃப்எம் தொடங்கியது. இது மீனவர்களுக்கான சமுதாய வானொலி.

ஆக, தகவலுக்குப் பஞ்சம் இல்லை. அப்புறம் எங்கே இடிக்கிறது?

சிக்கல் 1: ஆப் பேசும் மொழி வேறு, கடல் பேசும் மொழி வேறு

கரையில் காற்றுக்குப் பெயர் உண்டு. வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், மேற்கே இருந்து வந்தால் கச்சான், தெற்கே இருந்து வந்தால் சோழகம். ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். ஆழத்துக்கு 'பாகம்'. ஒரு பாகம் என்பது சுமார் 6 அடி, அதாவது 1.83 மீட்டர்.

ஆப்பில் என்ன வரும்? காற்று ஒரு டிகிரி எண்ணாக, ஆழம் மீட்டரில், தூரம் கிலோமீட்டரில் அல்லது கடல் மைலில். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. வானிலை அறிக்கையில் காற்றின் திசை என்றால் அது எங்கே இருந்து வருகிறது என்று அர்த்தம். நீரோட்டத்தின் திசை என்றால் அது எங்கே போகிறது என்று அர்த்தம். படத்தில் அம்புக்குறி போடும்போது இரண்டும் ஒரே மாதிரி இருந்தால், படித்தவருக்கே தலை சுற்றும்.

"கலைச்சொல் விளக்கம்" என்று தனிப் பக்கம் போடுவது இதற்குத் தீர்வு இல்லை. "வாடைக் காற்று (வடக்கில் இருந்து)" என்று திரையிலேயே எழுதினால் உதவிப் பக்கமே தேவைப்படாது.

ஊர்ச் சொல்லைப் போட்டால் அறிவியல் குறைந்துவிடுமா? குறையாது. காற்று, மழை எதுவும் இல்லாமல் திடீரென கடல் பொங்கி உள்ளே வருவதை கேரள மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்பார்கள். அந்தச் சொல்லை 2012-ல் யுனெஸ்கோவே அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. இன்காய்ஸ் எச்சரிக்கைகளில் இன்று அதே பெயர்தான் வருகிறது.

சிக்கல் 2: ஒரு புள்ளி மாறினால் 11 கிலோமீட்டர்

மீனவர்கள் மீன் கிடைத்த இடத்தை ஜிபிஎஸ்-ல் 'பாயிண்ட்' ஆகப் பதிவு செய்து வைப்பார்கள். அந்த எண்ணை எழுத மூன்று முறைகள் இருக்கின்றன. குழப்பம் அங்கேதான்.

உதாரணத்துக்கு, 9 டிகிரி 15 நிமிடம் 30 விநாடி என்று ஒரு பாயிண்ட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதை தசம முறைக்கு மாற்றினால் 9.2583 டிகிரி. ஆனால் அவசரத்தில் ஒருவர் எண்களை அப்படியே வரிசையாக 9.1530 என்று அடித்துவிட்டால்?

வித்தியாசம் 0.1053 டிகிரி. கடல் மைலில் சுமார் 6.3. கிலோமீட்டரில் சுமார் 11.7. தெற்கே அவ்வளவு தூரம் தள்ளிப் போய் நிற்பீர்கள். எல்லைக்குப் பக்கத்தில் இந்தத் தப்பு நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு நல்ல 'உதவி' எப்படி இருக்கும்? பயனர் எண்ணை அடித்து முடித்ததும், "இந்த இடம் உங்கள் கரையில் இருந்து தெற்கே இத்தனை கிலோமீட்டர், சரிதானா?" என்று ஆப்பே திருப்பிக் கேட்க வேண்டும். டிகிரி தெரியாதவருக்கும் தன் ஊர்க் கரை தெரியும். தப்பு அங்கேயே பிடிபடும். 40 பக்கக் கையேட்டால் முடியாததை இந்த ஒரு கேள்வி செய்துவிடும்.

சிக்கல் 3: எண் சரி, அர்த்தம் தெரியவில்லை

"அலை உயரம் 2.5 மீட்டர்" என்று ஆப் சொல்கிறது. அப்படியென்றால் 2.5 மீட்டருக்கு மேல் அலை வராது என்று அர்த்தமா? இல்லை!

இந்தக் கணிப்பில் சொல்லப்படுவது, மொத்த அலைகளில் பெரிதாக இருக்கும் மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி உயரம். தனி அலை ஒன்று அதைப்போல் இரண்டு மடங்கு வரைகூட வரலாம். அதாவது 2.5 என்று போட்டிருந்தால் 5 மீட்டர் அலையும் சாத்தியம்.

சின்ன வல்லத்தில் போகிறவருக்கு இது உயிர் காக்கும் தகவல். இது உதவிப் பக்கத்தின் ஏழாவது கேள்வியாக இருக்கக் கூடாது. எண்ணுக்குக் கீழேயே "இடையில் இதைவிடப் பெரிய அலையும் வரும்" என்று இருக்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு என்ன வழி?

"படம் போட்டா போச்சு" என்பதுதான் பலரின் பதில். அது பாதி உண்மைதான்.

மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவில் இந்திராணி மேதி, பெங்களூருவில் வீட்டு வேலை செய்யும் பெண்களோடு சேர்ந்து, எழுத்தே இல்லாத ஒரு வேலை தேடும் மென்பொருளைச் சோதித்தார். படம், குரல் எல்லாம் இருந்தது. எதை அழுத்த வேண்டும் என்பது அந்தப் பெண்களுக்குப் புரிந்தது. ஆனாலும் தயங்கினார்கள்.

காரணம்? இந்தப் பெட்டிக்குள் வேலை பற்றிய தகவல் எப்படி வந்தது, இதைத் தொட்டால் தனக்கு எப்படி வேலை கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அதனால், வேலை தருபவர் தகவல் கொடுப்பதில் தொடங்கி, வேலை தேடுபவருக்கு அது வந்து சேரும் வரை சின்ன நாடகமாக வீடியோ எடுத்து முதலில் காட்டினார்கள். நிலைமை மாறியது. உதவி இல்லாமல் தாங்களே பயன்படுத்துவது கூடியது.

அவருடைய ஆய்வுகளில் கிடைத்த இன்னொரு பாடம்: மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு என்று போனால் எழுத்தறிவு குறைந்தவர்கள் தொலைந்துபோகிறார்கள். ஒரே வரிசையாக அடுக்கிய பட்டியல் அவர்களுக்கு எளிது.

மீன்வள ஆப்புக்கும் இது பொருந்தும். "மீன் இங்கே இருக்குன்னு ஐதராபாத்தில் இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மீனவர் கேட்பது நியாயமான கேள்வி. செயற்கைக்கோள் கடலின் மேல்மட்ட வெப்பத்தையும், பாசியின் நிறமியையும் பார்க்கிறது. பாசி கூடும் இடத்தில் சின்ன மீன் கூடும், அதைத் தேடிப் பெரிய மீன் வரும். இந்த ஒரு நிமிடக் கதையைச் சொன்னால்தான் ஆப் மேல் நம்பிக்கை வரும். "அப்ப மேகமா இருந்தா தெரியாதா?" என்று அவரே அடுத்த கேள்வியும் கேட்பார். ஆமாம், மேகம் மறைத்தால் கணிப்பு கிடைக்காமல் போகலாம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

தப்பு செய்து பழக இடம் எங்கே?

சைக்கிள் கற்கும் குழந்தைக்குப் பின்னால் இரண்டு சின்னச் சக்கரம் மாட்டுவோம் இல்லையா? ஜான் கரோல் குழு, 1984-ல் அதே யோசனையை மென்பொருளில் செய்தது. புதிதாகக் கற்பவர் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் வசதிகளை மட்டும் பூட்டி வைத்தார்கள். அவற்றைத் தொட்டால், பயிற்சியில் இது இல்லை என்று மட்டும் செய்தி வரும். அழிந்துபோகும், கெட்டுப்போகும் என்ற பயம் இல்லாததால் மக்கள் தைரியமாகக் கற்றார்கள்.

நம் ஆப்களில் பெரும்பாலும் இது கிடையாது. கடல் எல்லை எச்சரிக்கை எப்படி ஒலிக்கும் என்று தெரிந்துகொள்ள எல்லைக்குத்தான் போக வேண்டும் என்றால், அது என்ன பயிற்சி?

கரையில் உட்கார்ந்தபடியே "பழகிப் பார்" என்று ஒரு பட்டன் இருக்க வேண்டும். அதை அழுத்தினால் ஒரு கற்பனைப் படகு கிளம்ப வேண்டும். எல்லைக் கோடு நெருங்க வேண்டும், சத்தம் கேட்க வேண்டும், படகைத் திருப்பிக் காட்ட வேண்டும். நிஜத்தில் அந்தச் சத்தம் கேட்கும்போது கை தானாக வேலை செய்யும். ஓடிபி, பணப் பரிமாற்றம் பழகவும் இதே மாதிரி போலிக் காசு வைத்த பயிற்சித் திரை வேண்டும்.

11-ம் எண் கூண்டு சொல்லும் பாடம்

தொடக்கத்தில் சொன்ன புயல் கூண்டுக்குத் திரும்புவோம். மொத்தம் 11 எண்கள். 1, 2 என்றால் மோசமான வானிலை இன்னும் தூரத்தில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம். 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து.

அப்போ 11? "வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது" என்று அர்த்தம்!

எனக்கு இப்போது தகவல் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்வதற்கே ஒரு சின்னம் வைத்திருக்கிறார்கள். பல ஆப்கள் இதைச் செய்வதில்லை. சிக்னல் போனபிறகும் காலையில் வந்த பழைய கணிப்பையே அப்படியே காட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவர் அதை இப்போதைய நிலவரம் என்று நம்புவார்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் கன்னியாகுமரியைத் தாக்கியபோது, பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே செல்போன் சிக்னல் நின்றுவிடும். அதற்குப் பிறகு, செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை தரும் 'ஜெமினி' கருவியை 2019-ல் கொண்டு வந்தார்கள். 2024 ஆகஸ்ட் 30-ல், 1 லட்சம் படகுகளுக்கு இருவழித் தொடர்பு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் தொடங்கியது.

கருவிகள் வருகின்றன. ஆனால் ஆபத்து நேரத்தில் எந்தப் பட்டனை அழுத்துவது, அழுத்திய செய்தி போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதை ஈரக் கையோடு, ஆடும் படகில், இருட்டில் செய்து பழகியிருக்க வேண்டும். ஏசி அறையில் பவர்பாயிண்ட் காட்டினால் அது வராது.

எப்போது, யார் சொல்லித் தருவது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருக்கும் காலம் அது. பயிற்சிக்கு நல்ல நேரம். ஆனால் நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. அவர்களுக்குக் காற்று அதிகமாகி கடலுக்குப் போக முடியாத நாள்தான் வசதி. ஜும்மா நாள் ஒத்துவருமா, திருவிழாவுக்கு முன்பா, பின்பா என்பதை ஊரிடமே கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை அலுவலக நேரத்தில் வகுப்பு வைத்துவிட்டு, "யாரும் வரல" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

யார் சொல்லித் தருவது? ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். புதுமடம் மாதிரி வளைகுடா நாடுகளில் பிள்ளைகள் வேலை பார்க்கும் கரையோர ஊர்களில், பள்ளிக்கூடம் போகாத பாட்டிமார்கூட வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போடுகிறார்கள். வீடியோ காலில் பேரனைக் கொஞ்சுகிறார்கள். எந்த வகுப்பும் நடக்கவில்லை, சான்றிதழும் கிடையாது.

எப்படி முடிந்தது? தேவை இருந்தது. எழுத வேண்டிய அவசியம் இல்லை. தப்பாக அழுத்தினாலும் காசு போகாது. பக்கத்தில் கேட்க ஒரு ஆள் இருந்தார். மறுநாளும் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. பெரியவர்களுக்கான பயிற்சிக்கு வேண்டிய எல்லாமே இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும்.

2024 செப்டம்பரில் தொடங்கிய தேசிய மீன்வள டிஜிட்டல் தளம் மாதிரி, இனி அரசு உதவிகளும் ஆன்லைன் பதிவு வழியாகவே வரப்போகின்றன. அங்கே மேலே சொன்ன ஐந்தில் எத்தனை இருக்கிறது என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் மீனவர் மறுபடியும் யாரோ ஒருவரிடம் போனைக் கொடுத்து, ஓடிபியையும் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். மோசடிக்கு அதுவே கதவு.

நல்ல 'உதவி'யை எப்படி அடையாளம் காண்பது?

ஆப் தயாரிப்பவர்கள், பயிற்சி நடத்துபவர்கள், வாங்கும் துறைகள் எல்லாரும் பார்க்க வேண்டியவை:

• தலைப்பு பயனரின் வேலையாக இருக்கிறதா? "அமைப்புகள் மேலாண்மை" என்பதைவிட "போன தடவை மீன் கிடைச்ச இடத்துக்குத் திரும்பப் போக" என்பது நல்ல தலைப்பு.
• தப்பு நடக்கும் இடத்திலேயே உதவி வருகிறதா? தனிப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறதா?
• வெளியே வரும் வழி சொல்லப்பட்டிருக்கிறதா?
• ஊர்ச் சொல் இருக்கிறதா? குரலில் கேட்க முடிகிறதா?
• இணையம் இல்லாதபோதும் உதவி திறக்கிறதா?
• தகவல் எத்தனை மணி நேரம் பழையது என்று காட்டுகிறதா?
• பழகிப் பார்க்கத் தனித் திரை இருக்கிறதா?
• வெளியிடும் முன், அந்தத் தொழில் செய்பவர்கள் சிலரிடம் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்களா?

கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். "புரிஞ்சுதா?" என்று கேட்டால், மரியாதைக்காக "புரிஞ்சுது" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். "செஞ்சு காட்டுங்க" என்றால்தான் உண்மை தெரியும். அப்படிச் செய்து காட்டும்போது அவர் தடுமாறினால், திருத்த வேண்டியது ஆப்பை.

வீட்டில் நீங்கள் என்ன செய்யலாம்?

அம்மா, அப்பாவுக்குப் போன் சொல்லித் தரும்போது இதையெல்லாம் முயன்று பாருங்கள்:

• போனை நீங்கள் வாங்காதீர்கள். அவர் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் வாயால் மட்டும் சொல்லுங்கள்.
• ஒரு நேரத்தில் ஒரே வேலை. இன்றைக்கு கேஸ் புக் பண்ணுவது மட்டும்.
• முதலில் "பின்னால் போவது எப்படி" என்று சொல்லிக்கொடுங்கள். பாதிப் பயம் போய்விடும்.
• 1 ரூபாய் அனுப்பிப் பழக விடுங்கள்.
• ஓடிபி, பின் நம்பரை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லுங்கள். யாரிடமும் என்றால் உங்களிடமும்தான்.
• அவர் சொல்லும் வார்த்தையிலேயே ஒரு தாளில் நாலு வரி எழுத வையுங்கள். அதுதான் அவருக்கான மேனுவல்.
• "இதுகூடத் தெரியாதா?" என்ற கேள்வி மட்டும் வேண்டாம்.

வாடை எப்போது திரும்பும், எந்தப் பாகத்தில் எந்த மீன் கிடைக்கும் என்பதை எந்தப் புத்தகமும் இல்லாமல் கற்றவர்கள் கடற்கரை மக்கள். அவர்களுக்கு ஒரு ஆப் புரியவில்லை என்றால், குறை எங்கே இருக்கிறது என்று ஆப் செய்தவர்கள்தான் முதலில் தேட வேண்டும். இனி உங்கள் வீட்டில் யாராவது "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று போனைக் கீழே வைத்தால், ஒரு நிமிடம் அந்தத் திரையை அவர் கண்ணால் பாருங்கள். எந்த இடத்தில் மாட்டினார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். சொல்லித் தருவதை அங்கே இருந்து தொடங்குங்கள்.